கையுறை மகாராணி

மகாராணிக்கு அந்தப் பெயரை வைத்தது பேருந்தில் வந்த யாரோ ஒருவர். வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மதியத்தில், வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றவளைப் பார்த்து, "மகாராணி ஏறிட்டாங்க, வழி விடுங்கப்பா" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. பேருந்தே சிரித்தது. மறுநாள் கண்டக்டர் அதையே சொன்னார். அடுத்த வாரம் தெருமுனைத் தையல்காரர் சொன்னார். மாதம் முடிவதற்குள் சொந்த அண்ணனே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். நிஜப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். ஆகவே நாமும் மகாராணி என்றே வைத்துக்கொள்வோம்.

அவள் கையுறை போட்டதற்குக் காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஆனால் ரகசியமாகத்தான் இருந்தது. அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். எல்லாருக்கும்தான் வேர்க்குமே என்று சொல்லாதீர்கள். எல்லாருக்கும் வேர்ப்பது வேறு, இவளுக்கு வேர்ப்பது வேறு. குளிரில் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போதும் இவள் விரல் நுனியிலிருந்து சொட்டு விழும். பள்ளியில் பரீட்சைத் தாள் நனைந்து மை பரவி, கணக்கு வாத்தியார் "அழுதுக்கிட்டே எழுதினியாம்மா?" என்று பரிதாபப்பட்டார். டாக்டர்கள் பவுடர் கொடுத்தார்கள், களிம்பு கொடுத்தார்கள், "அதைப் பத்தி நினைக்காம இருங்க" என்று அறிவுரையும் கொடுத்தார்கள். நினைத்தால் வேர்த்தது. நினைக்காமல் இருக்கப் பாடுபட்டால் இன்னும் வேர்த்தது.

அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தவர் அண்ணன். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவர் அண்ணி. எனக்கு வாய்தான் நீளம், மனசில் ஒன்றும் தங்காது என்று அண்ணியைப் பற்றி அண்ணியே சொல்வார். முதல் ஜோடிக் கையுறையை வாங்கித் தந்தவரும் அவர்தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டம்ளர் நீட்டும்போது ஈரக்கை பட்டுவிடக் கூடாதாம். "இதப் போட்டுக்கோடி. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துக் கடைத்தெருவில் அதே அண்ணி நாலடி முன்னால் போய் நின்று திரும்பினார். "அந்தக் கிளவுஸோட என் பக்கத்துல வராத. மேஜிக் காட்டறவ மாதிரி இருக்கு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" போட்டாலும் பார்ப்பவர்கள் நினைத்தார்கள், போடாவிட்டாலும் நினைத்தார்கள். இந்தப் பார்ப்பவர்களுக்கு வேறு வேலையே இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு முறை வரன் வந்தது. மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். கிளம்புகிற நேரத்தில், "இது எதுக்குங்க?" என்று விளையாட்டாக ஒரு கையுறையை உருவிவிட்டுக் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் விட்டார். பேச்சு அதோடு நின்றது. அவர்கள் வீட்டில் அதற்குப் பிறகு போனைக்கூட எடுக்கவில்லை. இந்தக் கை இனி யார் கண்ணிலும் படாது, யார் கையிலும் படாது என்று மகாராணி அன்றைக்கு முடிவு செய்தாள். அழுதாளா என்றால், அழுதாள், ஒரு நாள் முழுக்க. பிறகு கையுறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

வேலை ஒரு போட்டோ ஸ்டுடியோவில். அச்சாகி வரும் படங்களை ஓரம் பிடித்து எடுத்து, வெட்டி, ஆல்பத்தில் ஒட்டி, சட்டம் போட்டுக் கொடுப்பது அவள் பொறுப்பு. படத்தில் விரல் தடம் விழக் கூடாது என்பதால் அங்கே எல்லாரும் கையுறை போட்டாக வேண்டும். உலகத்திலேயே அவளை யாரும் ஒரு கேள்வி கேட்காத இடம் அந்த ஒன்றுதான். பையில் எப்போதும் மூன்று நான்கு ஜோடி வைத்திருப்பாள். ஒன்று நனைந்ததும் அடுத்தது. ஊரார் கல்யாணப் படங்களை ஒட்டி ஒட்டியே அவளுக்கு நாற்பது வயது தாண்டியது. மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிக்கிற படம் எல்லா ஆல்பத்திலும் ஒன்று இருக்கும். அதை மட்டும் கொஞ்சம் வேகமாக ஒட்டிவிடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் கொரோனா வந்தது.

முதல் சில நாட்கள் அவளுக்குக் கெட்ட நாட்கள். "இவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாரு" என்கிற மாதிரி பார்த்தார்கள். பேருந்தில் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனார். அவர் இறங்க வேண்டிய இடம் அது இல்லை என்பது அவர் திருதிருவென்று விழித்ததிலிருந்தே தெரிந்தது.

பிறகு ஒரு காலைப்பொழுதில் எல்லாம் தலைகீழாகப் புரண்டது. கதவைத் திறந்தால் தெருவே கையுறையோடு நிற்கிறது. கிடைத்தவர்கள் ரப்பர் உறை, கிடைக்காதவர்கள் சமையலறை உறை, அதுவும் இல்லாதவர்கள் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார்கள். எதிர்வீட்டு ரிட்டயர்டு மேனேஜர் கம்பளிக் கையுறையோடு வந்து கீரை வாங்கினார். மகாராணியைக் கண்டதும் அத்தனை பேரும் வழிவிட்டு நின்றார்கள். இந்தத் தடவை நிஜமாகவே வழிவிட்டார்கள்.

"ஏம்மா, இதப் போட்டுக்கிட்டு சில்லறை எப்படி எடுக்கறது?"

"மூக்கு அரிச்சா என்ன பண்றது?"

"கழட்டும்போது வெளிப்பக்கம் கையில படக் கூடாதாமே, எப்படி?"

அவள் நடுத்தெருவில் நின்று கழற்றும் விதத்தைக் காட்டினாள். மணிக்கட்டில் கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வர உருட்டி, இரண்டாவதை முதலாவதுக்குள் சுருட்டி. தன் கை வெளியே தெரியாதபடி உள்ளே இன்னொரு ஜோடி போட்டிருந்தாள், அது வேறு விஷயம். ஜனங்கள் கை தட்டினார்கள். உறை போட்ட கைகள் தட்டிய சத்தம் மொத்தையாகக் கேட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாகக் கையை ஒளித்துக்கொண்டு நடந்தவளிடம் ஊரே வந்து கையைப் பற்றிப் பாடம் கேட்கிறது!

கடையில் கையுறை தீர்ந்துபோனதும் தெருமுனைத் தையல்காரர் களத்தில் இறங்கினார். அவரை எல்லாரும் ஒன்றரை என்பார்கள். யார் எவ்வளவு துணி கொண்டுபோனாலும் இன்னும் ஒன்றரை மீட்டர் வேண்டும் என்பார். மேஜையில் பூப்போட்ட துணியை விரித்து, தன் இடது கையை அதன்மேல் வைத்து, வலது கையில் சாக்பீஸ் பிடித்துச் சுற்றி வரைந்தார். வெட்டினார். உள்ளங்கைப் பக்கத்துக்குத் தடித்த வெறுந்துணி வைத்தார். தைத்தார். தெருவுக்கே தைத்துத் தள்ளிவிட்டுத்தான் கவனித்தார், அத்தனையும் இடது கை. வலது கையை வரைய வேண்டுமானால் இடது கையால் சாக்பீஸ் பிடிக்க வேண்டும், அது அவருக்கு வராது, ஆகவே அந்த எண்ணமே தோன்றவில்லை. துணிக்கோ ஒரு பக்கம்தான் பூ. ஜனங்கள் வலது கையில் கட்டைவிரல் எங்கோ துருத்திக்கொண்டு நிற்க, சண்டைக்கு வந்தார்கள்.

"ஒண்ணரை அண்ணே, கவலப்படாதீங்க" என்றாள் மகாராணி. "பாதியை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போடச் சொல்லுங்க. இடது கை வலது கையாயிடும்."

ஆயிற்று. அந்தத் தெருவில் அத்தனை பேருக்கும் இடது கையில் பூ, வலது கையில் தையலும் நூலுமாக வெறும் துணி. அடுத்த தெருக்காரர்கள் இதுதான் புது ஃபேஷன் போலிருக்கிறது என்று வந்து அதேபோல் கேட்டார்கள். ஒன்றரை அசடு வழியாமல், "மகாராணி மாடல். கொஞ்சம் விலை கூட" என்றார்.

அண்ணி மாறிய மாற்றம்தான் மாற்றம். தக்காளியைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். டிவி ரிமோட்டுக்குத் தனிக் கையுறை, போனுக்குத் தனிக் கையுறை. சானிடைசரை ஊற்றி ஊற்றிக் கை வெளுத்துத் தோல் உரிந்தது. கடைத்தெருவில் நாலடி முன்னால் போகிற பழக்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. மகாராணியின் தோளோடு தோள் உரச நடந்து, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "எங்க வீட்டுல ரொம்ப வருஷமாவே இது பழக்கம்" என்றார்.

அந்த அண்ணியால்தான் பூட்டுக்காரர் வந்தார். ஒரு நாள் இருவரும் சாமான் வாங்கித் திரும்பினார்கள். அண்ணன் வேன் ஓட்டப் போயிருந்தார். சாவியைத் தொடுமுன் சாவிக்குச் சானிடைசர் போட்ட அண்ணி, பூட்டு மட்டும் என்ன பாவம் செய்தது என்று சாவித் துவாரத்துக்குள்ளும் அந்தக் கொழகொழ ஜெல்லைப் பீய்ச்சினார். தாராளமாகப் பீய்ச்சினார். சாவி உள்ளே போனது, ஒரு பக்கமும் திரும்பவில்லை. வெளியேயும் வரவில்லை. "சுத்தம்னா சுத்தம், கிருமி என்ன, நாமளே உள்ள போக முடியாது" என்றாள் மகாராணி. அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்டுடியோவுக்கு எதிரே அலமாரி அளவில் ஒரு சாவிக் கடை. அதன் சொந்தக்காரர்தான் பூட்டுக்காரர். கல்யாணம் பண்ணிக்கொள்ள மறந்துபோனேன் என்று சொல்கிற ரகம். இத்தனை வருஷம் எதிரெதிரே இருந்தும் மகாராணியிடம் அவர் பேசியது "மழை வரும் போல" என்பதைத் தாண்டியதில்லை. வந்தார். ஒன்றரை தைத்த உறையில் விரல் நுனிகளை எல்லாம் கத்தரித்துவிட்டுப் போட்டிருந்தார்.

"இது என்னது? இதுக்குப் போடாமலே வரலாமே!" என்றார் அண்ணி, தெரு நடுவில் போய் நின்றபடி. "முழுக் கிளவுஸ் போடாம என் கதவத் தொடக் கூடாது."

"அம்மா, பூட்டுக்குள்ள குட்டிக் குட்டி முளை இருக்கும். ஒவ்வொண்ணும் மேல ஏறுறது விரல்ல தெரியணும். இந்தத் தடித் துணியில எனக்கு ஒண்ணுமே தெரியாது. கண்ணக் கட்டிக்கிட்டு சினிமா பாக்கற மாதிரி."

மகாராணி தன் பையிலிருந்து ஸ்டுடியோ ஜோடி ஒன்றை எடுத்து நீட்டினாள். மெல்லிசுப் பருத்தி. காகிதத்தின் ஓரம்கூட அதில் தெரியும். பூட்டுக்காரர் போட்டுப் பார்த்தார், கட்டைவிரலையும் சுட்டு விரலையும் உரசிப் பார்த்தார், அவளை நிமிர்ந்து பார்த்தார். எதையோ துவாரத்தில் தெளித்து, சிக்கிய சாவியை உருவிவிட்டு, கம்பியை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கதவோடு கொஞ்ச நேரம் குசுகுசுத்தார். கதவு திறந்தது. "இப்படி ஒரு சாமான் உலகத்துல இருக்குன்னு இத்தன நாள் ஏங்க சொல்லல?" என்று ஏதோ அவள் வேண்டுமென்றே மறைத்த மாதிரிக் கோபித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவருக்கு மழை வருமா என்பதைத் தவிரவும் பேச விஷயங்கள் இருந்தன. ஸ்டுடியோ மறுபடி திறந்ததும் சாயங்காலம் கடைகளை மூடிவிட்டு இருவரும் ஒரே திசையில் நடந்தார்கள். முதலில் ஆளுக்கொரு நடைபாதையில், இடைவெளி விட்டு, தெருவுக்குக் குறுக்கே கத்திப் பேசிக்கொண்டு. "நீங்க சாப்ட்டீங்களா?" என்பதைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார்கள். பிறகு ஒரே நடைபாதையில். பிறகு ஒரு நாள், சாலையைக் கடக்கும்போது, பூட்டுக்காரர் அவள் கையைப் பிடித்தார். சாலை முடிந்தது. அவர் விடவில்லை. அவள் கையில் ஒரு துணி, அவர் கையில் ஒரு துணி, நடுவில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எந்த ஆல்பமும் அவளுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்ற மறந்து, அடுப்பைப் பற்றவைக்க மறந்து, காலிப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து? கையுறையைவிடக் கை கழுவுவதுதான் நல்லது என்று ஒரு நாள் செய்தி வந்தது. உறையில் கிருமி ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறதாம். எந்தத் தெரு கை தட்டியதோ அதே தெரு முகம் சுளித்தது. பொட்டலத்தில் கையுறையோடு கை வைத்த ஒருவரைக் கடைக்காரர், "அந்த அழுக்கு உறையோட தொடாதீங்க!" என்று விரட்டினார். போன மாதம் உறை போடாதவர்களை விரட்டியதும் அவர்தான். சாக்கடை ஓரமெல்லாம் ரப்பர் விரல்கள் கிடந்தன. ஒன்றரை மீதித் துணியில் தலையணை உறை தைத்தார். இன்னும் சில மாதங்களில் மாஸ்க்கும் தாடைக்கு இறங்கி, பிறகு பைக்குள் போயிற்று. பேருந்தில் மறுபடி ஒரு குரல்: "மகாராணி இன்னும் கழட்டல பாருடா!"

பூட்டுக்காரரும் கழற்றிவிட்டார். அவருடைய வெறுங்கை அவளுடைய உறைக் கையைப் பிடித்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு சாயங்காலம் தன் வீட்டுச் சாவிக்கு ஒரு மறுசாவி வெட்டி, அரம் போட்டு வழவழப்பாக்கி, அவள் உள்ளங்கையில் வைத்தார். "என்கிட்ட இதுக்கு மேல அழகா சொல்லத் தெரியல. பதிவு ஆபீசுக்கு எப்பப் போகலாம்?" என்றார். அவள் சிரித்தாள், அழுதாள், தலையாட்டினாள், மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தாள். உறைக்குள் கை அருவியாகக் கொட்டியது. இந்தக் கை தெரிந்தால் இந்தச் சாவியைத் திரும்பக் கேட்பாரா? அவளுக்கு இனி இருந்தது அந்த ஒரே பயம்தான்.

சொல்லிவிடத்தான் பார்த்தாள். ஒரு தடவை ஆரம்பித்தாள், லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இன்னொரு தடவை, "என் கையைப் பத்தி உங்ககிட்ட..." என்றதும் அவர் "உங்க கையால ஒரு ஆல்பம் போடணும்ங்க நம்ம கல்யாணத்துக்கு" என்று குதித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றாவது தடவை ஒரு தடையும் இல்லை, நல்ல அமைதி, பூங்காவில் வேறு ஆளே இல்லை. வாயைத் திறந்து, "மழை வரும் போல" என்றாள்.

"எதுக்குடி சொல்ற?" என்றார் அண்ணி. "கையெழுத்து ஆகட்டும். அப்புறம் அவர் எங்க ஓடுவாரு?"

"அது ஏமாத்தறது இல்லையா அண்ணி?"

"ஏமாத்தறது இல்ல. தள்ளிப் போடறது."

பதிவு அலுவலகம். ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் ஒட்டிய பெருக்கல் குறிகள் பாதி கிழிந்து கிடந்தன. அவற்றின் மேலேயே ஜோடிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி சாட்சி. பட்டுப்புடவையில், சானிடைசர் வாசனையோடு. மகாராணி போட்டிருந்தது புத்தம்புது வெள்ளை ஜோடி. பூட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த கவுன்ட்டர் அம்மா, தலை நிமிராமல், தீப்பெட்டி அளவு கண்ணாடி பதித்த ஒரு பெட்டியை முன்னால் தள்ளினார்.

"கிளவுஸைக் கழட்டிட்டு விரல வைங்க."

"விரலா? கையெழுத்துதானே?"

"இப்ப கைரேகைதான். புது முறை. சீக்கிரம்மா, பின்னாடி எத்தன பேரு பாருங்க."

மகாராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணியைப் பார்த்தாள். அண்ணி மின்விசிறியைப் பார்த்தார். வேறு வழியில்லை. மணிக்கட்டில் கிள்ளிப் பிடித்து உருவினாள். விரலை வைத்தாள். பெட்டியில் சிவப்பு விளக்கு.

"துடைச்சிட்டு வைங்க."

புடவைத் தலைப்பில் துடைத்து வைத்தாள். சிவப்பு. மறுபடி துடைத்தாள். சிவப்பு. கவுன்ட்டர் அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிமேல் குட்டிக் குளம். "என்னம்மா இது! குழாயத் திறந்துவிட்ட மாதிரி ஊத்துது!"

அவர் குரல் இயல்பிலேயே மைக் வைத்த குரல். கூடம் முழுக்கத் திரும்பியது. மகாராணி கையை மறைக்கப் போனாள். பூட்டுக்காரர் குனிந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார்!

"அஞ்சு இருக்கே!" என்றார்.

"என்னது?"

"அஞ்சு விரலும் இருக்கே! நான் சுண்டு விரல் இல்லன்னுல்ல நினைச்சேன்! நீங்க அத அசைக்கவே மாட்டீங்க. பஞ்சு அடைச்சு வெச்சிருக்காங்க, பாவம், கேட்டா மனசு கஷ்டப்படும்னு ஒரு வருஷமா வாயைத் திறக்கல. நாலு விரலா இருந்தா என்ன, நமக்கு நாலு போதும்னு முடிவெல்லாம் பண்ணிட்டேன்!" அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கடைசியில வெறும் வேர்வைதானா!"

கூடமும் சிரித்தது. மகாராணி மட்டும் சிரிக்கவில்லை. பயம் எங்கோ போய், அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"வெறும்னு சொல்லாதீங்க" என்றாள். "பரீட்சைப் பேப்பர் நனைஞ்சது உங்களுக்கு இல்ல. உங்க கையத் தொட்டுட்டு யாரும் ஓடிப் போகல. பஸ்ல சிரிச்சது என்னப் பாத்துதான். யார் கையையும் பிடிக்காம நான் பாதி வாழ்க்கைய ஓட்டியாச்சு. நீங்க ஒரே வார்த்தையில வெறும்னு சொல்லிட்டீங்க. விரல் இல்லாம இருந்திருந்தாக்கூட யாராவது அய்யோ பாவம்னாவது சொல்லியிருப்பாங்க."

பூட்டுக்காரர் சிரிப்பு நின்றது. "தப்புதான்" என்றார். "தெரியாமச் சொல்லிட்டேன். எனக்குச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க, கேக்கறேன்."

"அத வீட்டுல போய்க் கேளுங்க சார்" என்றார் கவுன்ட்டர் அம்மா. "இப்ப விரலக் காய வைங்க."

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பூட்டுக்காரர் அவள் விரலைப் பிடித்து 'ஃபூ ஃபூ' என்று ஊதினார். அண்ணி ஃபைலால் விசிறினார். யாரோ நாற்காலியை இழுத்து வந்து, "ஃபேனுக்குக் கீழ கையத் தூக்கிப் பிடிங்கக்கா" என்றார்கள். ஊதி முடிந்து பெட்டிக்கு வருவதற்குள் மறுபடி ஈரம். கடைசியில் பெட்டியையே வயரோடு தூக்கி அவள் பக்கம் நீட்டினார்கள். ஊதின கையோடு விரலை அமுக்கினாள். பச்சை! கூடம் விசில் அடித்தது.

"அடுத்து நீங்க சார்."

பூட்டுக்காரர் ராஜநடையில் போய் விரலை வைத்தார். சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு. பத்து விரலும் வைத்தாயிற்று, பத்தும் சிவப்பு.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சாவி வெட்டறேன்."

"அதான் ரேகை தேஞ்சு போயிருக்கு. தோலும் வறண்டு கிடக்கு. கொஞ்சம் ஈரமாக்கிட்டு வைங்க, விழும்."

"ஸ்பாஞ்ச் இருக்குமே, ஈரமா, டப்பாவுல?"

"கொரோனாவுக்கு எடுத்தாங்க, இன்னும் திரும்ப வரல."

"வாயில வெச்சுக்கட்டுமா?"

"ஐயய்யோ, கூடவே கூடாது!"

பூட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீர் டிரம் காலி. வாசல் வரை வரிசை. பிறகு மகாராணியின் பக்கம் திரும்பினார். அதுவரை வாங்க போங்க என்று பேசியவர் அதையெல்லாம் மறந்துவிட்டு, "கையக் கொடு" என்றார்.

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. இந்தக் கையை இதுவரை வெளியே நீட்டு என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. நீட்டினாள். அவர் தன் உள்ளங்கையை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களைக் கோத்து, நன்றாக அழுத்தினார். உலோகத் தூள் ஏறிய சொரசொரப்பு அவளுக்கு முதல் முறையாகத் துணியில்லாமல் தெரிந்தது. ஒரு விரலுக்கு வேண்டிய ஈரம் எப்போதோ கிடைத்திருக்கும். அவர் எடுக்கிற மாதிரி தெரியவில்லை.

"ஒரு விரல் போதும் சார், பத்தையும் முக்காதீங்க!"

வைத்தார். பச்சை. விசில் காதைக் கிழித்தது.

சாட்சியின் முறை வந்தது. அண்ணி விரலை வைத்தார். சிவப்பு. வருஷக்கணக்காகச் சானிடைசரில் வெந்த விரல்கள், ஒன்றுகூடத் தேறவில்லை. அண்ணி பெட்டியை முறைத்தார், கவுன்ட்டர் அம்மாவை முறைத்தார். அப்புறம் மகாராணியின் பக்கம் நகர்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உன் கையக் கொஞ்சம் காட்டுடி" என்றார்.

"பாக்கறவங்க என்ன நினைப்பாங்க அண்ணி?"

"நினைக்கட்டும் போ! பெருசா பாக்கறவங்க!" என்று அண்ணியே அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியதற்குச் சானிடைசர் நெடி என்று காரணம் சொன்னார்.

அண்ணிக்கும் பச்சை விழுந்தது. விழுந்ததும் வரிசையில் அடுத்து நின்ற மணப்பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்க மாமா செங்கல் வேலைக்காரர், போன வாரமே ரேகை விழலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரே ஒரு தடவ..."

"வரிசையா வாங்க, வரிசையா வாங்க, என் பொண்டாட்டி கை எங்கயும் ஓடிடாது!" என்று பூட்டுக்காரர் கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டார். கவுன்ட்டர் அம்மா, இது எந்த விதியில் வருகிறது என்று தெரியாமல், பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மகாராணி கவுன்ட்டர் ஓரமாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கையை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் வேர்க்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தாள்.